முதல் ஐந்தாண்டு மௌனம்: ஐ.நா. பொதுச் சபைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஐக்கிய நாடுகள் பொதுச் சபையின் 193 உறுப்பு நாடுகளுடைய நிரந்தரப் பிரதிநிதிகள், நியூயார்க்.

மதிப்புக்குரியவர்களே,

வணக்கம். ஐ.நா. பொதுச்செயலாளர் தேர்வு என்றாலே எல்லோரும் பாதுகாப்பு கவுன்சிலின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களைப் பார்த்துத்தான் மனு கொடுக்கிறார்கள். வீட்டோ, அதாவது ஒற்றை வாக்கால் முடிவைத் தடுக்கும் அதிகாரம், அவர்கள் கையில் இருக்கிறது, அதனால் அது இயல்புதான். ஆனால் வீட்டோ வைத்திருப்பவரிடமே போய் அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் கேட்க வந்தது உங்கள் சபை தன் கையால் எழுதிய ஒரு தீர்மானத்தைப் பற்றி. அதை மாற்ற ஐ.நா.வின் அடிப்படைச் சட்டமான சாசனத்தைத் திருத்த வேண்டாம். உங்களுக்கு மனம் இருந்தால் போதும்.

அன்டோனியோ குட்டெரெஸின் இரண்டாவது பதவிக்காலம் 2026 டிசம்பர் 31-ஆம் தேதி முடிகிறது. அடுத்தவருக்கான பெயர்களை அனுப்பச் சொல்லி உங்கள் சபைத் தலைவரும் கவுன்சில் தலைவரும் 2025 நவம்பர் 25 அன்று கூட்டுக் கடிதம் அனுப்பினார்கள். அன்று முதல் யார், யார் என்றுதான் பேச்சு. பெண்ணாக இருக்க வேண்டும் என்கிறார்கள். லத்தீன் அமெரிக்காவின் முறை என்கிறார்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இதுவரை ஒருவர்கூட வரவில்லையே என்கிறார்கள். எல்லாம் நியாயமான பேச்சு. ஆனால் வரப்போகிறவர் எத்தனை ஆண்டு இருக்கப்போகிறார், இரண்டாம் முறை கேட்கலாமா என்பதை அநேகமாக யாரும் பேசுவதில்லை. ஐந்தும் ஐந்தும் பத்து என்று எல்லோரும் மனதுக்குள் முடிவு செய்துவிட்டார்கள். என் வழக்கு அந்த இரண்டாவது ஐந்தைப் பற்றியது.

சாசனத்தின் 97-ஆம் பிரிவு இந்த நியமனத்தைப் பற்றி ஒரே வரிதான் சொல்கிறது: பாதுகாப்பு கவுன்சிலின் பரிந்துரைப்படி பொதுச் சபை பொதுச்செயலாளரை நியமிக்கும். எத்தனை ஆண்டு என்று அதில் இல்லை. மறுபடியும் நியமிக்கலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. ஐந்தாண்டு, அதன்பின் இன்னொரு ஐந்தாண்டுக்கு வாய்ப்பு என்ற ஏற்பாடு 1946 ஜனவரி 24 அன்று லண்டனில் கூடிய உங்கள் சபை போட்ட 11(I) என்ற தீர்மானத்தில் வந்தது. அன்றைக்கு உறுப்பினர்கள் 51 நாடுகள். இந்தியா இருந்தது, அதுவும் சுதந்திரம் வாங்குவதற்கு முன்பே. இலங்கை 1955 டிசம்பரில்தான் உள்ளே வந்தது. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி அப்போது காலனி. அதாவது, உங்களில் முக்கால்வாசிப் பேர் இல்லாத அறையில் எழுதிய விதியை எண்பது ஆண்டுகளாக நீங்கள் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். அந்தத் தீர்மானத்தை எழுதியவர்கள் அப்படிச் சுமக்கச் சொல்லவும் இல்லை. சாசனத்தில் காலவரை இல்லாததால், அனுபவத்தைப் பார்த்து வருங்காலப் பொதுச்செயலாளர்களின் பதவிக்காலத்தை மாற்றிக்கொள்ள பொதுச் சபைக்கும் கவுன்சிலுக்கும் உரிமை உண்டு என்று அதிலேயே எழுதிவைத்தார்கள்.

சரி, அனுபவம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

கதைகளிலும் படங்களிலும் வரும் உலக அமைப்பின் தலைவர் ஒரு பொத்தானை அழுத்தினால் விமானங்கள் கிளம்பும். நியூயார்க் தலைமையகத்தின் 38-ஆவது மாடியில் இருக்கும் நிஜத் தலைவருக்குச் சொந்தப் படை கிடையாது. வரி போட முடியாது. சம்பளம் கொடுக்கவே உறுப்பு நாடுகளின் சந்தாவை எதிர்பார்த்திருக்க வேண்டும். சாசனம் அவருக்கென்று தனியாகக் கொடுத்த அரசியல் ஆயுதம் ஒன்றே ஒன்று: 99-ஆம் பிரிவு. உலக அமைதிக்கு ஆபத்து என்று அவர் கருதும் எந்த விஷயத்தையும், எந்த நாடும் கேட்காமலேயே, அவராகக் கவுன்சிலின் கவனத்துக்குக் கொண்டுபோகலாம். கவுன்சில் ஏதும் செய்யாமலும் போகலாம். ஆனாலும் அந்தப் பிரிவைப் பெயர் சொல்லி எடுப்பது, ஊரைக் கூட்டி மணியடிப்பதற்குச் சமம். அதற்குப் பிறகு எந்த நாடும் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

எண்பது ஆண்டுகளில் அதை எடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். 1960 ஜூலை 13, காங்கோ: டாக் ஹாமர்ஷோல்ட். 1979 நவம்பர், டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தில் பிணைக் கைதிகள்: குர்ட் வால்ட்ஹைம். 1989 ஆகஸ்ட், லெபனான்: ஹாவியர் பெரெஸ் டி கொய்யார். 2023 டிசம்பர் 6, காஸா: குட்டெரெஸ். பிரிவின் பெயரைச் சொல்லாவிட்டாலும் அதே கனத்தோடு 1971 ஜூலையில் கிழக்குப் பாகிஸ்தான் நிலைமை பற்றிக் கவுன்சில் தலைவருக்குக் குறிப்பு அனுப்பினார் ஊ தாண்ட். லட்சக்கணக்கில் அகதிகள் இந்திய எல்லையைத் தாண்டிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. கவுன்சில் அதற்காகக் கூடியது டிசம்பரில், போர் மூண்ட பிறகு. அப்புறம் கோஃபி அன்னான். ஈராக் போர் சாசனத்தின் பார்வையில் சட்டவிரோதம் என்று 2004 செப்டம்பரில் பி.பி.சி. பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார்.

இந்த ஆறு பேரின் தேதிகளையும் அவர்களுடைய பதவிக்காலங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆறு பேரும் அந்த நேரத்தில் இரண்டாவது பதவிக்காலத்தில் இருந்தவர்கள். ஒருவர்கூட முதல் ஐந்தாண்டில் இல்லை.

முதல் பதவிக்காலத்திலேயே பெரிய நாடுகளோடு மோதியவர்கள் இல்லாமல் இல்லை. அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதும் உங்கள் ஆவணங்களில் இருக்கிறது. முதல் பொதுச்செயலாளர் ட்ரிக்வே லீ, நார்வேக்காரர். 1950-ல் கொரியப் போர் தொடங்கியதும் வடகொரியாவின் தாக்குதலுக்கு எதிராகத் தெளிவாகப் பேசினார். சோவியத் ஒன்றியம் அவருடைய மறுநியமனத்தை வீட்டோ போட்டு நிறுத்தியது. அப்போது உங்கள் சபை ஒரு துணிச்சலான காரியம் செய்தது: கவுன்சிலின் பரிந்துரை இல்லாமலேயே, 1950 நவம்பர் 1 அன்று, 46-க்கு 5 என்ற வாக்கில் அவர் காலத்தை மூன்றாண்டு நீட்டியது. சோவியத் அணி அதற்குப் பிறகு அவரைப் பொதுச்செயலாளராக ஏற்கவே மறுத்துவிட்டது. இரண்டே ஆண்டில் லீ ராஜினாமாவை அறிவித்தார்.

அடுத்தது பூட்ரோஸ் பூட்ரோஸ் காலி. சோமாலியா, போஸ்னியா, பாக்கி வைத்த சந்தா என்று வாஷிங்டனோடு அவருக்கு ஓயாத உரசல். 1996 நவம்பர் 19 அன்று கவுன்சிலில் அவருக்கு ஆதரவாக 14 வாக்கு, எதிராக ஒன்று. அந்த ஒன்று அமெரிக்காவுடையது. அத்தோடு முடிந்தது. ஒன்பது பொதுச்செயலாளர்களில் ஒரே ஒரு பதவிக்காலத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் அவர் மட்டுமே.

இந்த இரண்டு கதைகளையும் பார்த்துவிட்டுப் பதவிக்கு வருகிற ஆள் என்ன பாடம் படிப்பார்? நம்மூர் அரசு அலுவலகங்களில் ஒப்பந்த ஊழியர்கள் இருக்கிறார்கள். எந்த அதிகாரிமேல் புகார் எழுத வேண்டுமோ, அந்த அதிகாரிதான் மார்ச் மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கோப்பில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஊழியர் புகார் எழுதாததற்கு அவரைக் கோழை என்று திட்டிப் பயனில்லை. உலகத்தின் மிக உயர்ந்த அதிகாரியையும் நீங்கள் அதே இடத்தில் வைத்திருக்கிறீர்கள்.

விதிவிலக்கே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. 1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது ஊ தாண்ட் இன்னும் தற்காலிகப் பொதுச்செயலாளர்தான். ஆனாலும் அமெரிக்க அதிபர் கென்னடிக்கும் சோவியத் தலைவர் குருஷ்சேவுக்கும் கடிதம் எழுதி, தானே ஹவானாவுக்கும் போனார். ஆனால் அன்றைக்கு இரண்டு வல்லரசுகளும் கௌரவமாக வெளியேற ஒரு வாசல் தேடிக்கொண்டிருந்தன. ஹாமர்ஷோல்ட் 1956-ல் எகிப்தின் சூயஸ் கால்வாய் விவகாரத்தில் பிரிட்டனையும் பிரான்ஸையும் எதிர்த்து நின்றது முதல் காலத்தில்தான். அவர் அபூர்வமான மனிதர். அபூர்வமான மனிதர் கிடைப்பார் என்று நம்பி யாரும் விதி எழுதுவதில்லை.

தமிழில் இந்த மடலை எழுதக் காரணம் இருக்கிறது. முதல் ஐந்தாண்டு மௌனத்தின் விலை எங்களுக்குத் தெரியும்.

2008 செப்டம்பரில் வன்னியிலிருந்து ஐ.நா. பணியாளர்கள் வெளியேறினார்கள். அவர்களுடைய பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று இலங்கை அரசு சொல்லியிருந்தது. கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலகத்தின் வாசலில் மக்கள் கூடினார்கள். போகாதீர்கள், நீங்கள் போனால் எங்களைப் பார்க்க ஆளே இருக்காது என்று கெஞ்சினார்கள். வண்டிகள் கிளம்பிப் போயின. அதற்குப் பிறகு 2009 மே வரை நடந்தது உலகத்துக்கே தெரியும். பின்னால் அன்றைய பொதுச்செயலாளர் பான் கி மூன் அமைத்த மூவர் நிபுணர் குழு, கடைசிக் கட்டத்தில் 40,000 வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்று எழுதியது.

அந்த மாதங்களில் பாதுகாப்பு கவுன்சிலின் முறையான நிகழ்ச்சி நிரலில் இலங்கை ஒரு நாள்கூட இடம்பெறவில்லை. உறுப்பினர்கள் முறைசாராமல் கூடிப் பேசினார்கள், அவ்வளவுதான். இறந்தவர்கள் எண்ணிக்கையை ஐ.நா. அதிகாரிகள் உள்ளுக்குள் தொகுத்துக்கொண்டிருந்தார்கள், வெளியிடவில்லை. 99-ஆம் பிரிவை யாரும் தொடவில்லை. 2009-ல் பான் கி மூன் தன் முதல் பதவிக்காலத்தின் மூன்றாவது ஆண்டில் இருந்தார்.

போர் முடிந்த சில நாட்களில், மே 23 அன்று, அவர் இலங்கைக்கு வந்து, போரில் இடம்பெயர்ந்தவர்கள் வைக்கப்பட்டிருந்த மாணிக் பாம் முகாமைப் பார்த்தார். நிபுணர் குழு அறிக்கை அவர் கைக்கு வந்து வெளியானது 2011 ஏப்ரலில். மேற்கொண்டு சர்வதேச விசாரணைக்கு உத்தரவிட இலங்கையின் சம்மதமோ உறுப்பு நாடுகளின் முடிவோ வேண்டும் என்று தனக்கு ஆலோசனை சொல்லப்பட்டதாக அவர் கூறினார். 2011 ஜூன் 21 அன்று உங்கள் சபை அவரை இரண்டாம் முறையாக ஒருமனதாக நியமித்தது. ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவருடைய மனதுக்குள் புகுந்து பார்க்க எனக்கு வழியில்லை. அந்தச் சந்தேகம் எழவே இடமில்லாத ஒரு விதி இருந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். மறுநியமனம் என்ற ஒன்றே இல்லாதிருந்தால், அந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலை எங்களுக்கு வந்திருக்காது.

2012 நவம்பரில் சார்லஸ் பெட்ரி தலைமையிலான ஐ.நா.வின் உள்ளாய்வு அறிக்கை வெளியானது. உறுப்பு நாடுகளுக்குத் தெரிய வேண்டியதைச் சொல்லாமல், அவை கேட்க விரும்பும் என்று நினைத்ததைத் தலைமையகம் சொன்னது என்பதுதான் அதன் குற்றச்சாட்டுகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. இதை அதிகாரிகளின் குணக்குறையாக மட்டும் படித்தால், அடுத்த முறை நல்ல அதிகாரிகளைப் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று தோன்றும். தலைவரின் வேலையே கேட்பவர்களின் திருப்தியில் தொங்கும்போது, அவருக்குக் கீழே இருக்கிற மாடிகள் எல்லாம் அப்படித்தான் பேசும். அந்த அறிக்கையை வெளியிட்டது அதே பான் கி மூன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2016 செப்டம்பரில் கொழும்பிலேயே நின்று, இன்னும் தீவிரமாக ஈடுபட்டிருந்தால் இன்னும் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்ற பொருள்படப் பேசினார். அப்போது அவர் பதவியில் மிச்சம் இருந்தது நான்கு மாதத்துக்கும் குறைவு.

ஆகவே என் கோரிக்கை: ஒரே பதவிக்காலம், ஏழு ஆண்டு, மறுநியமனம் கிடையாது. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. ஐ.நா.வுக்குள்ளேயே வாழ்நாளைக் கழித்த பிரையன் உர்க்வார்ட் 1990-லேயே எர்ஸ்கின் சைல்டர்ஸோடு சேர்ந்து எழுதிய ஆய்வில் இதைச் சொன்னார். 2016 தேர்வின்போது சிவில் சமூக அமைப்புகள் இதே கோரிக்கையோடு உங்கள் கதவைத் தட்டின. நீங்கள் பரிசீலிக்கிறோம் என்றீர்கள். இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எதிர்வாதங்கள் எனக்கும் தெரியும். முதலாவது, மறுநியமனம் இல்லாதவரைக் கட்டுப்படுத்த என்ன இருக்கிறது என்பது. இப்போது மட்டும் என்ன இருக்கிறது? பொதுச்செயலாளரை நீக்கும் முறை சாசனத்திலேயே கிடையாது. மறுநியமனம் என்ற கயிறு அவரை உங்கள் 193 பேரிடமும் பொறுப்பாக்கவில்லை, ஐந்து பேரிடம் மட்டும்தான் கட்டிப்போடுகிறது. அவருடைய வரவு செலவும் ஆண்டறிக்கையும் எப்போதும் போல உங்கள் சபைக்கு வரத்தான் போகின்றன. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் நீதிபதிகளும் வழக்குத்தொடுநரும் ஒன்பது ஆண்டு இருக்கிறார்கள், மறுதேர்வு கிடையாது. ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவருக்கு எட்டாண்டு, அங்கேயும் மறுமுறை இல்லை. யாருக்கும் பணிந்து போகக்கூடாத பதவி என்றால் உலகம் இப்படித்தான் அமைக்கிறது. சாசனத்தின் 100-ஆம் பிரிவு, எந்த அரசிடமும் உத்தரவு கேட்கவோ பெறவோ கூடாது என்று பொதுச்செயலாளருக்குச் சொல்கிறது. அப்படிச் சொல்லிவிட்டு, ஐந்தாம் ஆண்டு அதே அரசுகளின் வாசலில் அவரை நிறுத்துகிறோம்.

இரண்டாவது, கடைசி ஆண்டுகளில் அவரை யாரும் மதிக்க மாட்டார்கள் என்பது. மேலே சொன்ன ஆறு பேரையும் பாருங்கள், குரல் வந்ததே அந்த ஆண்டுகளில்தான்.

மூன்றாவது வாதம் கொஞ்சம் கனமானது. ஒரே ஒரு வாய்ப்புதான் என்றால் ஐந்து நாடுகளும் இன்னும் உஷாராகி, இன்னும் சாதுவான ஆளாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். நடக்கலாம். ஆனால் 1953-லும் அவர்கள் அப்படித்தான் தேர்ந்தெடுத்தார்கள். சண்டை போடாத, கோப்பு பார்க்கத் தெரிந்த, அமைதியான ஸ்வீடன் அதிகாரி என்று நினைத்து ஹாமர்ஷோல்டைக் கொண்டுவந்தார்கள். ஏழாண்டு கழித்து அவரை ராஜினாமா செய்யச் சொல்லி குருஷ்சேவ் உங்கள் சபையிலேயே முழங்கினார்; ஒருவர் வேண்டாம், மூவர் போடலாம் என்றார். 1960 அக்டோபர் 3 அன்று ஹாமர்ஷோல்ட் பதில் சொன்னார். ஐ.நா.வின் பாதுகாப்பு சோவியத் ஒன்றியத்துக்கோ மற்ற பெரிய நாடுகளுக்கோ தேவையில்லை, மற்ற எல்லா நாடுகளுக்கும்தான் தேவை. அந்த நாடுகள் விரும்பும்வரை நான் இருப்பேன் என்றார். சபை எழுந்து நின்று கைதட்டியது. அவர் அன்று பேசியது இன்றைய உங்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களிடம். அடுத்த ஆண்டு செப்டம்பரில், இன்றைய ஜாம்பியாவில் உள்ள ண்டோலா அருகே விமானம் விழுந்து அவர் இறந்தார். ஆள் சாதுவா இல்லையா என்று வெளியிலிருந்து யாராலும் முழுக்கக் கணிக்க முடியாது. அவருக்கு முதுகெலும்பு இருந்தால் அதை நிமிர்த்த இடம் வேண்டும், அதை மட்டும் விதியால் செய்ய முடியும்.

இனி இரண்டு சிறிய விஷயங்கள். இரண்டும் உங்கள் அதிகாரத்துக்குள் வருபவை.

ஒன்று, ஒற்றைப் பெயர். கவுன்சில் ஒரே ஒரு பெயரை அனுப்புவது விரும்பத்தக்கது, பொதுச் சபையில் அதன்மேல் விவாதத்தைத் தவிர்ப்பது நல்லது என்பதும் அதே 1946 தீர்மானம்தான். சாசனம் அப்படிக் கேட்கவில்லை. கவுன்சிலின் மாதிரி வாக்கெடுப்பு எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மூடிய அறை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு சீட்டு. ஊக்குவிக்கிறேன், ஊக்குவிக்கவில்லை, கருத்து இல்லை என்று மூன்று பதில்கள். முதல் சுற்றுகளில் எல்லாச் சீட்டும் ஒரே நிறம். கடைசியில் நிரந்தர உறுப்பினர்களுக்கு மட்டும் வேறு நிறச் சீட்டு. அந்த நிறத்தில் ஒரு எதிர்ப்பு விழுந்தால் வேட்பாளர் மூட்டை கட்ட வேண்டியதுதான். 2006-ல் சசி தரூருக்கு அதுதான் நடந்தது. கடைசிச் சுற்றில் பத்து ஆதரவு வாங்கியிருந்தார், ஆனால் எதிர்ப்புகளில் ஒன்று நிரந்தர உறுப்பினருடையது. விலகிக்கொண்டார். இலங்கையின் ஜயந்த தனபால அதற்கு முன்பே போட்டியிலிருந்து ஒதுங்கியிருந்தார்.

2016-ல் நீங்கள் கொஞ்சம் வெளிச்சம் கொண்டுவந்தீர்கள். வேட்பாளர்கள் 13 பேர், அதில் 7 பேர் பெண்கள். உங்கள் சபையில் வந்து நேரலையில் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். நல்ல காரியம். ஆனால் ஜூலையில் கவுன்சில் முதல் மாதிரி வாக்கெடுப்பை நடத்தியபோது, வாக்கெடுப்பு நடந்தது என்பதைத் தவிர வேறு தகவல் உங்களுக்கு முறைப்படி வரவில்லை. இது போதாது என்று அன்றைய சபைத் தலைவர் மொகன்ஸ் லிக்கெடாஃப்ட் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். எண்கள் எல்லாம் சில நிமிடங்களில் பத்திரிகையாளர்களின் ட்விட்டரில் இருந்தன. அக்டோபர் 5 அன்று அன்றைய கவுன்சில் தலைவரான ரஷ்யாவின் விட்டாலி சுர்கின், மற்ற 14 தூதர்களும் பின்னால் நிற்க, கேமராக்களுக்கு முன்னால் வந்து குட்டெரெஸின் பெயரைச் சொன்னார். அக்டோபர் 13 அன்று நீங்கள் கைதட்டி நியமித்தீர்கள். வாக்குக்கூட எடுக்கவில்லை. இரண்டு பெயர் அனுப்புங்கள், நாங்கள் வாக்குப் போட்டுக்கொள்கிறோம் என்று கேட்க உங்களுக்கு என்ன தயக்கம்?

இரண்டாவது, பெரிய துறைகள். அமைதி காக்கும் பணி 1997 முதல் பிரான்ஸுக்கு. அரசியல் விவகாரம் 2007 முதல் அமெரிக்காவுக்கு, மனிதாபிமான உதவி பிரிட்டனுக்கு, பொருளாதார சமூகத் துறை சீனாவுக்கு. 2017-ல் தொடங்கிய பயங்கரவாத எதிர்ப்பு அலுவலகம் ரஷ்யாவுக்கு. எந்த நாட்டுக்கும் உயர்பதவிகளில் ஏகபோகம் கூடாது, ஒரு நாட்டவருக்குப் பின் அதே நாட்டவர் வரக்கூடாது என்று 1992-ல் 46/232 தீர்மானத்தில் எழுதியது யார்? நீங்கள்தான். எழுதியதை நீங்களே கண்டுகொள்ளாவிட்டால், புதிதாக வருகிறவர் முதல் வாரத்திலேயே ஐந்து நாற்காலிகளையும் பழைய முகவரிகளுக்கே அனுப்பிவைப்பார்.

பெண் வேட்பாளர் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அதில் வாதிட எதுவும் மிச்சமில்லை. 1953 மார்ச்சில் கவுன்சிலில் இந்தியாவின் விஜயலட்சுமி பண்டிட்டின் பெயர் வாக்கெடுப்புக்கு வந்து இரண்டே வாக்கு வாங்கியது. அதே ஆண்டு உங்கள் சபை அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அப்படிப்பட்ட சபைக்கு, ஒன்பது ஆண்களுக்குப் பிறகு பத்தாவதாக ஒரு பெண் வரலாமா என்பது இன்னமும் கேள்வியாக இருக்கக்கூடாது. ஒன்று மட்டும்: முதல் பெண் பொதுச்செயலாளரையும் இதே ஐந்தாண்டுக் கயிற்றில் கட்டி உட்கார வைக்காதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. நியமனத்துக்கு முன்பே ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்: 2027 ஜனவரி 1 முதல் ஏழாண்டு, மறுநியமனம் இல்லை. கவுன்சில் தன் பரிந்துரையில் வழக்கம்போல ஐந்தாண்டு என்று சேர்த்து எழுதி அனுப்பும். 2016-ல் அந்தத் தேதிகளை அப்படியே உங்கள் நியமனத் தீர்மானத்தில் எழுதிக்கொண்டீர்கள். இந்த முறை அப்படிச் செய்யாதீர்கள். சட்டச் சிக்கல் வரும் என்று யாராவது சொன்னால் 1950 நவம்பர் 1-ஐ நினைவுபடுத்துங்கள். அன்று நீங்கள் கவுன்சில் இல்லாமலேயே பதவிக்காலத்தை முடிவு செய்தீர்கள். லீக்கு அதனால் நன்மை விளையவில்லை என்பது உண்மை. சண்டையின் நடுவில், ஒரு தனி ஆளுக்காகச் செய்ததால் அது கோணலானது. ஆள் யார் என்று தெரிவதற்கு முன்பே, எல்லோருக்கும் பொதுவாகச் செய்தால் யாருக்கு எதிராகவும் அது இருக்காது.

தீர்மானத்துக்குப் பெரும்பான்மை கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்களுக்கு முன் வந்து நிற்கும் ஒவ்வொரு வேட்பாளரிடமும், உங்களில் ஏதாவது ஒரு நாடு, எவ்வளவு சின்ன நாடானாலும் சரி, இந்த ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: "நீங்கள் தேர்வானால், இரண்டாம் முறை கேட்க மாட்டேன் என்று இங்கேயே எழுதிக் கொடுப்பீர்களா?" பதில் ஆம் என்றாலும் இல்லை என்றாலும், பார்க்கலாம் என்று மழுப்பினாலும், அது பதிவாகட்டும். அந்தப் பதிவை நாங்கள் பத்திரமாக வைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு குடிமகன்